ஆர் நம்புவினம்? கொழும்புக் கடைகளும் ஏஐ எழுதும் விளம்பரமும்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடி வீட்டுச் சமையலறையில் கறித்தூள் வறுத்து விற்கிற ஓர் அன்ரி இருக்கிறார். இதுவரை அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒருவர் சொல்லி ஒருவர் வந்தவர்கள்தான். வாட்ஸ்அப்பில் கொஞ்சம் விளம்பரம் போட்டால் என்ன என்று மகளுக்கு ஒருநாள் தோன்றியது. சாட்ஜிபிடி என்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவியிடம் "யாழ்ப்பாணக் கறித்தூளுக்குத் தமிழில் ஒரு விளம்பரம் எழுதித் தா" என்று கேட்டு, வந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். தேத்தண்ணிக் கோப்பையோடு நானும் அங்கே இருந்தேன்.

"பாரம்பரியத்தின் நறுமணம் இனி உங்கள் சமையலறையில்! கைதேர்ந்த நிபுணர்களால் தயாரிக்கப்பட்ட எங்கள் காரசாரமான மசாலா, உங்கள் சமையலை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லும். தரத்தில் சமரசமே இல்லை. இன்றே ஆர்டர் செய்யுங்கள்!"

அன்ரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தான் கிடக்கு பிள்ளை. ஆனா இதை நான் எழுதினதெண்டு ஆர் நம்புவினம்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நிபுணர்கள் எண்டா ஆர்? நானும் அந்த மில்காரனுமோ?"

விளம்பரம் எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த இரண்டு கேள்விகளும் பல நாள் மண்டைக்குள் சுற்றின. ஏஐ எழுதியதில் எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் அதில் ஒரு வசனம்கூட அன்ரியின் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஏன் அப்படி?

இந்தக் கருவிகள் வேலை செய்கிற விதத்திலிருந்து தொடங்கலாம். இவற்றுக்குள் இருக்கிற "மொழி மாதிரி" எனும் நிரல் செய்வது, இதுவரை வந்த சொற்களைப் பார்த்து அடுத்து என்ன வரக்கூடும் என்று கணிப்பது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகியிருப்பதால் அதன் கணிப்பு பெரும்பாலும் பொருந்துகிறது. அதற்கு மேல் இரண்டாவது பயிற்சி ஒன்று உண்டு. ஒரே கேள்விக்கு வந்த இரண்டு மூன்று பதில்களை மனிதர்களிடம் கொடுத்து எது நல்லது என்று தெரிவு செய்யச் சொல்வார்கள். அந்தத் தெரிவுகளை வைத்து மாதிரியைத் திருத்துவார்கள். 2022இல் சாட்ஜிபிடியின் நிறுவனமான ஓப்பன்ஏஐ இந்த முறையை விவரித்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி சாட்ஜிபிடி வந்தது. இந்தப் பயிற்சியால் கருவி பணிவாகவும் வழவழப்பாகவும் பேசப் பழகுகிறது. யாருக்கும் உறுத்தாத பதில்தான் பலருக்கும் பிடித்த பதில். நீர்ச் சபைக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுத இது அருமையான குணம். விளம்பரத்துக்கு அப்படியல்ல, அங்கே ஏதாவதொன்று உறுத்தினால்தான் விரல் நிற்கும், இல்லாவிட்டால் திரையைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இதில் கருவியைவிட எங்கள் கேள்விதான் கூடிய குற்றவாளி என்பது என் எண்ணம். "கறித்தூளுக்கு விளம்பரம்" என்று இரண்டு சொல் கொடுத்தால், அது உலகத்திலுள்ள எல்லாக் கறித்தூளுக்கும் பொருந்துவதைத்தான் எழுத முடியும். மேலேயுள்ள விளம்பரத்தில் மசாலா என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தேயிலை என்று போட்டுப் பாருங்கள். காரசாரத்தையும் சமையலையும் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். மற்றதெல்லாம் அப்படியே நிற்கும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 2020இல் வெளிவந்த ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-3 என்ற மாதிரி பயின்ற எழுத்தில், சொற்கணக்கில் 93 சதவீதம் ஆங்கிலம். மீதி 7 சதவீதத்தை உலகின் மற்றெல்லா மொழிகளும் பங்குபோட்டுக்கொண்டன. பின்னர் வந்த மாதிரிகள் தமிழில் வெகுவாகத் தேறிவிட்டன. ஆனாலும் விளம்பரம் என்று வந்தால் ஆங்கில விளம்பரத்தின் எலும்புக்கூடு தமிழ்த் தோலைப் போர்த்துக்கொண்டு வருகிறது. சமையலை "அடுத்த கட்டத்துக்கு" எடுத்துச் செல்வதெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். குழம்பு நன்றாக வந்தால், எங்கள் வீடுகளில் அது எந்தக் கட்டத்துக்கும் போவதில்லை, சோறு கூடப் போகும்.

கணினிக்குள் தமிழ் எழுத்து பட்ட பாடும் கொஞ்சமல்ல. "கொ" என்பது நமக்கு ஓர் எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோட் முறையில் அது க ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு. இவற்றையெல்லாம் மாதிரிகள் டோக்கன் எனும் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புதிய மாதிரி வெளியானபோது ஓப்பன்ஏஐ காட்டிய உதாரண வசனமொன்று, முந்திய முறையில் தமிழில் 116 டோக்கன் பிடித்தது. புதியதில் 35 ஆகக் குறைந்தது. மாதிரியைத் தங்கள் செயலிகளில் இணைப்பவர்களிடம் துண்டுக் கணக்கில்தான் காசு அறவிடுகிறார்கள். அதனால் ஒரே விஷயத்தைச் சொல்லத் தமிழ்க்காரர் கூடக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

சரி, நம்பிக்கைக்கு வருவோம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நடைபாதை வியாபாரிகள் கூவுவதை நின்று கேளுங்கள். விலையைச் சொல்வார்கள், பொருளைச் சொல்வார்கள், "தொட்டுப் பாருங்கோ" என்பார்கள். தரம், பாரம்பரியம், சமரசம் ஒன்றும் வராது. துணியைக் கையில் வாங்கிக் கசக்கிப் பார்த்து, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போகலாம். சொன்னது பொய்யென்றால் அந்த இடத்திலேயே பிடிபடும். அப்படிப் பிடிபட இடம் கொடுத்துக்கொண்டே கூவுகிறார்கள் என்பதால்தான் சனம் நிற்கிறது.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் செட்டியார் தெரு. நகைக்கடை ஒன்று "பரம்பரை நம்பிக்கை" என்று பலகை வைக்கலாம். இன்னொரு கடை "நிறை, செய்கூலி, சேதாரம் மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதித் தருவோம்" என்று வைக்கலாம். முதலாவதைப் பொய்யென்று யாரும் நிரூபிக்க முடியாது, அதனாலேயே அதற்குப் பெறுமதியும் இல்லை. இரண்டாவது கடைக்காரர் தன் கழுத்தைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறார். பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். பொய்யென்று பிடிபடக்கூடிய வசனம்தான் நம்பவைக்கும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

பொருளியலில் இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1970இல் ஜோர்ஜ் அகர்லொவ் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எது நல்ல கார், எது ஓட்டை என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் சந்தேகிப்பார். நல்ல கார் வைத்திருப்பவருக்கும் நியாயமான விலை கிடைக்காமல் அவர் சந்தையை விட்டே போய்விடுவார் என்பது அதன் சாரம். 1973இல் மைக்கல் ஸ்பென்ஸ் அடுத்த பாதியைச் சொன்னார்: நல்லவர் தன்னை வேறுபடுத்திக் காட்டச் சமிக்ஞை தரலாம், ஆனால் மற்றவர் அதே சமிக்ஞையை மலிவாகத் தர முடியாதபோதுதான் அது வேலை செய்யும். 2001இல் இருவரும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதை விளம்பரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முன்னர் பிழையில்லாத, மெருகான தமிழில் ஒரு பதிவு வந்தால், இந்தக் கடை யாருக்கோ காசு கொடுத்து எழுதுவித்திருக்கிறது, நிலைத்து நிற்கிற எண்ணத்தில்தான் இருக்கிறது என்று வாசகர் அறியாமலே முடிவு செய்வார். மெருகே ஒரு சமிக்ஞையாக இருந்தது. இன்று அந்த மெருகு இலவசம். நேற்று முளைத்த மோசடிப் பக்கமும் அதே நடையில் எழுதுகிறது. ஆகவே மெருகு எதையும் சொல்வதில்லை. சில வேளை எதிராகவே சொல்கிறது. பளபளப்பான பதிவைக் கண்டதும் "இது ஏஐ எழுதினதுதான்" என்று தள்ளிவிடப் பழகிவிட்டோம். எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது, எழுதுபவன் நானாக இருந்தும்.

1950களில் இலங்கை வானொலி வர்த்தக சேவையில் விளம்பரம் வந்தபோது, எஸ்.பி.மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் கூடவே வந்தது. பாட்டுப் போடுகிற அதே குரல் விளம்பரத்தையும் சொல்லும். அகில இந்திய வானொலி 1952இல் சினிமாப் பாட்டைக் கைவிட்டபின் தமிழ்நாட்டிலும் அந்தக் குரலைத் தேடிக் கேட்டார்கள். அங்கே நம்பிக்கை வசனத்தில் இருக்கவில்லை, குரலில் இருந்தது. கைப்பேசித் திரையில் குரல் இல்லை. அந்த இடத்தை வசனமே நிரப்ப வேண்டியிருக்கிறது.

அன்ரியின் வீட்டுக்குத் திரும்புவோம். அந்த விளம்பரத்தில் அவருக்கு உறுத்திய இன்னொரு சொல் "காரசாரம்". எங்களுக்கு அது உறைப்பு. வாடிக்கையாளர் கேட்பது "உறைப்புக் கூடவோ?" என்றுதான். இணையத்திலுள்ள தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் எழுதப்பட்டது என்பதால், கருவி கேட்காமலே அந்தப் பக்கம் சாய்கிறது. செத்தல் மிளகாய் அதனிடம் காய்ந்த மிளகாய் ஆகிவிடும். பெருஞ்சீரகம் சோம்பாகும், சவர்க்காரம் சோப்பாகும், விலைக்கழிவு தள்ளுபடியாகும். புடவைக்கடை என்றால் சேலை மட்டும் விற்கிற கடை என்று நினைத்துக்கொள்ளும். இங்கே அங்கு சேட்டுத் துணியும் கிடைக்கும். தமிழ்நாட்டுச் சொல் எங்களுக்கு விளங்காமலில்லை, படம் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. ஆனால் செத்தலை "வர மிளகாய்" என்று எழுதியிருக்கிற கறித்தூளை யாழ்ப்பாணக் கறித்தூள் என்று சொன்னால் யாரும் ஒருதரம் யோசிப்பார்கள்.

உடனே "இலங்கைத் தமிழில் எழுது" என்று கட்டளையிட்டால் வேறு கூத்து நடக்கும். நான் செய்து பார்த்தேன். ஒவ்வொரு வசனத்திலும் ஒரு "வாங்கோ", இரண்டு "எண்டு", நடுவில் ஒரு "கண்டியளோ" என்று பழைய நகைச்சுவை நாடகம் மாதிரி வந்தது. கொழும்பில் தமிழ் ஒரு மாதிரியும் இல்லை. வெள்ளவத்தை வடக்குக் குடும்பத்தின் பேச்சு வேறு, கொட்டாஞ்சேனையில் நாலைந்து தலைமுறையாக இருப்பவரின் பேச்சு வேறு, புறக்கோட்டை முஸ்லிம் வியாபாரியின் பேச்சு வேறு, மலையகத்திலிருந்து வந்து கடையில் நிற்கிற பிள்ளையின் பேச்சு வேறு. எல்லாரும் வாங்க வேண்டிய பொருளுக்கு ஒருவருடைய பேச்சை மட்டும் பூசினால் மற்றவர்கள் விலகி நிற்பார்கள். நான் பழக்கத்தில் கண்டது, பெயர்ச்சொல் ஊருடையதாகவும் வினைமுற்று எழுத்துத்தமிழாகவும் இருந்தால் பெரும்பாலும் சரிவருகிறது. உறைப்பு, செத்தல், பின்னேரம், கிழமை என்று முப்பது நாற்பது சொல் கொண்ட ஒரு பட்டியலை வைத்திருக்கிறேன். எதைப் பாவிக்க வேண்டும், எதைப் பாவிக்கக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் அதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

பட்டியலைவிட முக்கியமானது மூலப்பொருள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அன்ரியை இருத்திவைத்து, கைப்பேசியில் பதிவைப் போட்டுவிட்டு, ஏறத்தாழ அரை மணித்தியாலம் கதைக்கவிட்டேன். மல்லியையும் செத்தலையும் ஏன் வேறுவேறாக வறுக்கிறீர்கள்? இரண்டும் ஒரே நேரத்தில் சிவக்காது, சேர்த்துப் போட்டால் ஒன்று கருகும், மற்றது பச்சையாகக் கிடக்கும். கறிவேப்பிலை? ஈரம் முழுக்கப் போகாமல் அரைத்தால் தூள் கட்டிபடும். மழைக்காலத்தில்? "வெயிலில்லாட்டி செத்தல் காயாது தம்பி, அந்தக் கிழமை நான் ஓடர் எடுக்கிறேல்லை." கடைசியில், நான் கேளாமலே, "பருப்புக்கு இதைப் போடாதேங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லுறனான். போட்டிட்டு என்ரை தூள் சரியில்லை எண்டு சொல்லுவினம்."

எனக்கு விளம்பரம் அந்த இடத்தில் கிடைத்துவிட்டது. எதற்குப் போடக்கூடாது என்று விற்பவரே சொல்கிறார். இதை எந்த ஏஐயும் தானாக எழுதாது, ஏனென்றால் அது அன்ரியின் வாடிக்கையாளர்களிடம் ஏச்சு வாங்கியதில்லை.

அப்புறம்தான் கருவியைக் கையில் எடுத்தேன். பதிவை எழுத்தாக்கக் கொடுத்தேன். வடக்குப் பேச்சு அதற்குப் பாதிதான் பிடிபட்டது. மீதியை நானே கேட்டுத் திருத்தினேன். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்த கேள்விகளையும் சேர்த்தேன், பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் அழித்துவிட்டு. மற்றவர்களின் விபரங்களை எங்கோ இருக்கிற கணினிக்குள் கொட்டுவதற்கு நமக்கு உரிமை இல்லை. நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது முறையல்ல. பிறகு கருவிக்கு ஒரே நிபந்தனை: இதில் இல்லாத எதையும் சேர்க்காதே, தேவையான விபரம் இல்லாவிட்டால் என்னிடம் கேள்.

"கேள்" என்ற அந்தச் சொல்லுக்கு நல்ல பலன் உண்டு. எழுதச் சொன்னால் சராசரியாக எழுதுகிற கருவி, கேட்கச் சொன்னால் கூர்மையாகக் கேட்கிறது. "இதை வாசிக்கிற ஒரு சந்தேகப் பேர்வழியாக இரு, என்னென்ன கேட்பாய்?" என்றேன். ஒன்பது கேள்வி வந்தது. ஆறு வெறும் ஒப்புக்கு. மூன்று எனக்குத் தோன்றாதவை: எவ்வளவு நாள் வைத்திருக்கலாம், பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டில் எவ்வளவு போடுவது, மழை தொடர்ந்தால் முற்பணம் கட்டியவருக்கு என்ன நடக்கும். மூன்றாவதைக் கேட்டதும் அன்ரி சற்று யோசித்துவிட்டு, அன்றிலிருந்து முற்பணம் வாங்குவதையே நிறுத்திவிட்டார். விளம்பரம் எழுதப் போய் வியாபாரம் திருந்தியது.

தலைப்புக்கும் இதே வழிதான். ஒன்று கேட்டால் முதலில் வருவது எல்லாருக்கும் வருகிற ஒன்று. இருபது கேட்டால் பத்தொன்பதை எறிந்துவிட்டு ஒன்றை எடுக்கலாம், சில வேளை எறிந்ததில் கிடக்கிற ஒரு சொல் உதவும். நீளமாக எழுதியதைச் சுருக்கவும், சொன்னதையே திரும்பச் சொல்லும் இடத்தைக் காட்டவும் இதைவிடக் களைக்காத உதவியாளர் கிடைக்காது. சிங்களத்தில் ஒரு பிரதியும் கேட்டு வாங்கினோம். அதைப் பக்கத்து வீட்டு அக்கா வாசித்துத் திருத்திய பிறகுதான் போட்டோம்.

நிபந்தனை போட்டும் கருவி ஒரு தடவை கைவரிசை காட்டியது. "மூன்று தலைமுறை அனுபவம்" என்று எழுதியிருந்தது. அன்ரி ஓய்வுபெற்ற பிறகுதான் இந்த வியாபாரத்தைத் தொடங்கினார். இன்னொரு தடவை, நீரிழிவுக்கு நல்லது என்ற மாதிரி ஒரு வரி. மோசமானது வேறொன்று: பெயரோடு இரண்டு வாடிக்கையாளர் பாராட்டு, இரண்டும் சுத்தக் கற்பனை. இது கருவியின் கெட்ட எண்ணமல்ல. இப்படியான விளம்பரங்களில் வழக்கமாக அடுத்து வருவது அதுதான் என்று கணித்துப் போடுகிறது. ஆனால் சட்டம் கணிப்பைப் பார்க்காது, போட்டவரைத்தான் பார்க்கும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவுப் பொருளைப் பிழையாக வழிநடத்தும் விதத்தில் விளம்பரப்படுத்துவதைத் தடுக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் பாவனையாளரை ஏமாற்றும் நடத்தையைத் தடுக்கிறது. அமெரிக்காவில் இருக்கிற சொந்தங்களுக்கு விற்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2024 ஒக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வந்த விதி, போலி வாடிக்கையாளர் கருத்துகளைத் தடைசெய்கிறது, ஏஐ எழுதியதும் அதில் அடக்கம்.

ஏஐ உதவியோடு எழுதியது என்று விளம்பரத்தின் கீழே போட வேண்டுமா என்று மகள் கேட்டார். கறித்தூள் விளம்பரத்துக்குத் தேவையில்லை என்றேன். காற்புள்ளியை யார் போட்டது என்று வாங்குபவர் கேட்பதில்லை. மழை பெய்தால் அரைக்கமாட்டேன் என்பது உண்மையா என்றுதான் பார்ப்பார். ஆனால் படம் விஷயத்தில் அப்படி விட முடியாது. கருவி வரைந்த தங்க நிறத் தூளைப் போட்டுவிட்டு வீட்டில் வறுத்த கருஞ்சிவப்புத் தூளைக் கொடுத்தால் அது ஏமாற்றுத்தான். ஜன்னலோரம் வெயிலில் வைத்துக் கைப்பேசியால் எடுத்த படமே போதும்.

முடிவில் வாட்ஸ்அப்பில் போனது இதுதான்:

"மல்லி வேறாக, செத்தல் வேறாக வறுத்தது. உறைப்புக் கூட. பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டில் பாதி போடுங்கோ. பருப்புக்குப் போடாதேங்கோ. வெயில் இருந்தால் புதன்கிழமை அரைப்பேன், வியாழன் பின்னேரம் வந்து எடுக்கலாம். மழை விடாவிட்டால் அடுத்த கிழமைதான். முற்பணம் வேண்டாம்."

அன்ரி வாசித்துவிட்டு "இது நான் சொன்னதுதானே" என்றார், ஏதோ நான் அவரிடம் களவெடுத்த மாதிரி. அந்தக் கிழமை மழை விடவில்லை. ஓடர்கள் வந்து கிடந்தன, அவர் அரைக்கவில்லை. வந்த செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "அப்ப பருப்புக்கு என்ன போடுறது அன்ரி?" ஒவ்வொருவருக்கும் அவர் தன் குரலிலேயே பதில் பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தார்.